முகவர் சார் மாதிரியாக்கம்: சமூக அறிவியலில் இருந்து வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

சமூகவியல், மானிடவியல், பொருளியல், அரசறிவியல் படித்தவர்கள், கணினிக்குள் ஒரு சின்னச் சமூகத்தை உண்டாக்கிப் பார்க்க ஆசைப்படும்போது வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். கணினித் துறைக்காரர்களுக்கு ஏற்கெனவே நிறைய வழிகாட்டிகள் இருக்கின்றன. களப்பணி செய்தும் நிரல் எழுதத் தெரியாமல் தயங்கி நிற்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதினேன்.

இதில் ‘முகவர்’ என்பது யார்?

தமிழில் முகவர் என்றதும் காப்பீட்டு முகவரோ பத்திரிகை முகவரோதான் நினைவுக்கு வருவார். அவர் இன்னொருவர் சார்பில் வேலை பார்ப்பவர். இங்கே பொருள் வேறு. தன்னைச் சுற்றி நடப்பதைப் பார்த்து, தானே முடிவெடுத்து, தானே செயல்படும் ஓர் அலகுதான் முகவர். ஓர் ஆள், ஒரு குடும்பம், ஒரு கடை, ஒரு கட்சி என எது வேண்டுமானாலும் முகவராகலாம். ஒவ்வொன்றுக்கும் சில பண்புகளையும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகளையும் கொடுக்கிறோம். பிறகு எல்லாரையும் ஒரே இடத்தில் விட்டு, ஒவ்வொரு படியாக ஓட்டி, மொத்தத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறோம். மொத்தத்தில் தெரியும் அந்த வடிவத்தை நாம் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. அது தனித்தனி விதிகளில் இருந்து தானாக விளைய வேண்டும். இப்படிச் செய்து பார்ப்பதற்குத்தான் முகவர் சார் மாதிரியாக்கம் என்று பெயர்.

கணக்கெடுப்பும் புள்ளியியலும் போதாதா?

பல கேள்விகளுக்குப் போதும். போதாத இடம் எது என்பதைக் காட்ட, கணினியே தேவைப்படாத ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978-இல் சொன்னது.

ஒரு சதுக்கத்தில் 100 பேர் கூடியிருக்கிறார்கள். கலவரம் மூளுமா? ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு உண்டு: ‘இத்தனை பேர் கல்லெடுத்தால் நானும் எடுப்பேன்’ என்ற எண்ணிக்கை. முதல் ஆளின் வரம்பு 0. யாரும் எறியாவிட்டாலும் அவர் எறிவார். அடுத்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, இப்படியே 99 வரை. முதல் ஆள் எறிகிறார். அதைப் பார்த்து இரண்டாமவர், இருவரைப் பார்த்து மூன்றாமவர் எனக் கடைசியில் 100 பேரும் இறங்கிவிடுகிறார்கள்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். வரம்பு 1 உள்ளவரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வரம்பு 2 உள்ள ஒருவரை நிறுத்துங்கள். முதல் ஆள் எறிகிறார். இரண்டு பேர் எறியட்டும் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான், ஒருவரோடு முடிந்தது.

இரண்டு கூட்டங்களின் சராசரி வரம்பையும் கணக்குப் போடுங்கள். முதலாவதில் 49.5, இரண்டாவதில் 49.51. எவ்வளவு நல்ல கணக்கெடுப்பும் இவற்றை ஒரே மாதிரியான கூட்டம் என்றுதான் சொல்லும். ஆனால் ஒன்றில் ஊர் பற்றி எரிகிறது, மற்றதில் ஒரு கண்ணாடி உடைகிறது. யார் யாரைப் பார்த்து நடக்கிறார்கள் என்பது விளைவை மாற்றிவிடும் இடங்களில்தான் முகவர் சார் மாதிரி தேவைப்படுகிறது. வதந்தி பரவுவது, ஒரு புதுப் பயிர் ஊருக்குள் நுழைவது, வேலைநிறுத்தம் தொடங்குவது, ஒரு பழக்கம் செத்துப்போவது எல்லாம் இந்த வகை.

முதலில் எந்த மென்பொருளைக் கற்க வேண்டும்?

எதையும் கற்க வேண்டாம். முதல் மாதிரியை மேசையில் செய்யுங்கள். உண்மையாகவே சொல்கிறேன். தாமஸ் ஷெல்லிங் அப்படித்தான் செய்தார். அமெரிக்க நகரங்களில் வெள்ளையரும் கறுப்பரும் ஏன் தனித்தனிப் பகுதிகளில் வாழ்கிறார்கள் என்று யோசித்தபோது, மகனின் சேகரிப்பில் இருந்த செம்பு நாணயங்களையும் துத்தநாக நாணயங்களையும் பலகையில் பரப்பி நகர்த்திப் பார்த்தார். அதை விரிவாக எழுதி 1971-இல் வெளியிட்டார். 2005-இல் ராபர்ட் ஔமனோடு சேர்ந்து பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர்.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு சதுரங்கப் பலகை, 22 ஒரு ரூபாய் நாணயம், 22 ஐந்து ரூபாய் நாணயம். 64 கட்டங்களில் அவற்றைக் கண்டபடி பரப்புங்கள். 20 கட்டங்கள் காலியாக இருக்கும். விதி ஒன்றே: ஒரு நாணயத்தைச் சுற்றியுள்ள 8 கட்டங்களில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது தன் வகையாக இருந்தால் அதற்குத் திருப்தி. இல்லாவிட்டால், திருப்தி தரக்கூடிய காலிக் கட்டங்களில் மிக அருகில் உள்ளதற்குப் போய்விடும். யாரும் நகர வேண்டியதில்லை என்ற நிலை வரும்வரை தொடருங்கள்.

முக்கால் மணி நேரம் ஆகலாம். கடைசியில் பலகையைப் பார்த்தால், ஒரு ரூபாய்கள் ஒரு பக்கமும் ஐந்து ரூபாய்கள் ஒரு பக்கமுமாகத் திட்டுத் திட்டாகச் சேர்ந்திருக்கும். ‘என்னைச் சுற்றி என் ஆட்களே இருக்க வேண்டும்’ என்று ஒரு நாணயமும் கேட்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு வேற்று வகையாக இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் ஒவ்வொன்றும் சொன்னது. அப்படியும் பிரிந்துவிட்டார்கள்.

கையால் செய்யும்போது கணினி மறைத்துவிடும் கேள்விகள் எழும். மூலையில் உள்ள நாணயத்துக்கு 3 பக்கத்துக் கட்டங்கள்தானே, அதற்கும் இதே விதியா? எந்த நாணயத்தை முதலில் நகர்த்துவது? பக்கத்தில் யாருமே இல்லாதவருக்குத் திருப்தியா, இல்லையா? இந்தக் கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிரல் எழுதும்போது ஒவ்வொன்றும் திரும்பி வரும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பலகையில் மனிதர்களை நகர்த்திப் பார்க்கும் யோசனை ஷெல்லிங்குக்கு மட்டும் வந்ததல்ல. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜேம்ஸ் சகோடா, இரண்டாம் உலகப் போரின்போது தன் மக்களோடு முகாமில் அடைக்கப்பட்டவர். அங்கே இருந்தபடியே களக் குறிப்புகள் எடுத்தார். அந்த அனுபவத்தில் இருந்து 1949-இல் பெர்க்லியில் முடித்த முனைவர் ஆய்விலேயே இத்தகைய பலகை மாதிரி இருந்தது. அதைப் பற்றிய அவருடைய கட்டுரையும் 1971-இல், ஷெல்லிங் எழுதிய அதே இதழில்தான் வந்தது. இந்தத் துறையின் வேரில் ஒரு களப்பணியாளர் இருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவர் பெயரும் கூடவே சொல்லப்பட வேண்டும்.

அப்படியானால் பிரிந்து வாழ்வதற்கு மக்களின் லேசான விருப்பம்தான் காரணம் என்று ஆகிறதே?

ஆகாது. இந்தத் துறையில் நுழைபவர்கள் முதலில் வழுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஷெல்லிங்கின் பலகை சொல்வது இவ்வளவே: லேசான விருப்பம் மட்டும் இருந்தாலும் கடுமையான பிரிவினை விளையக்கூடும். ‘விளையக்கூடும்’ என்பது ‘அப்படித்தான் விளைந்தது’ என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் 1930-களில் அரசு சார்ந்த நிறுவனமே நகர வரைபடங்களில் கறுப்பர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, கடன் கொடுக்க ஆபத்தான இடங்கள் என்று குறித்து வைத்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968-இல்தான் வந்தது. இவை எதுவும் நாணயப் பலகையில் இல்லை. பலகையில் காலிக் கட்டம் இருந்தால் யாரும் போகலாம்.

நம் ஊரை நினைத்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஊரும் சேரியும் தனித்தனியாக இருப்பது யாருடைய லேசான விருப்பமும் கூடிக் கூடி விளைந்தது அல்ல. ஒரு பக்கத்தாருக்கு நகரும் உரிமையே இல்லாமல் இருந்தது. அதை ஷெல்லிங் விதியால் மாதிரியாக்கினால், பலகையில் திட்டுகள் அழகாகத்தான் வரும், படம் உண்மையைப் போலவே இருக்கும், விளக்கம் முழுப் பொய்யாக இருக்கும். நகரத்தில் வாடகை வீடு தேடுவதை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். அங்கே வீடு தேடுபவர் ஒரு வகை முகவர், வீடு வைத்திருப்பவர் இன்னொரு வகை. முதலாமவருக்கு விருப்பம் இருக்கிறது; இரண்டாமவரிடம் மறுக்கும் அதிகாரம் இருக்கிறது. ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி மாதிரிக்குள் ஒரு விதியாக இருக்க வேண்டும்.

ஆகவே ஒரே வடிவத்தை இரண்டு மூன்று விதிகள் தரலாம் என்பதை எப்போதும் மனதில் வைத்திருங்கள். எந்த விதியை எழுதுகிறீர்களோ அதன் மேல்தான் காரணமும் பொறுப்பும் போய் உட்காரும். சாதியையோ மதத்தையோ ஒரு நிறமாக மட்டும் முகவரில் ஒட்டிவிட்டு, யார் யாரைத் தடுக்க முடியும் என்பதை விட்டுவிட்டால், அதிகாரத்தை நீங்களே அழித்துவிட்டீர்கள் என்று பொருள். சமூக அறிவியல் படித்தவர்கள் இந்தத் துறைக்கு அவசியம் வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

களப்பணி அறிவு உண்மையில் எங்கே உதவும்? ஒரு நல்ல உதாரணம் உண்டா?

பாலித் தீவு. சமூக அறிவியல் மாதிரிகளில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று அங்கே இருக்கிறது.

பாலியில் நெல் வயல்களுக்கு நீர் பிரிக்கும் உழவர் அமைப்புக்கு சுபாக் என்று பெயர். சுபாக்குகள் நீர்க் கோயில்களோடு பிணைந்தவை. எந்த வயல் எப்போது நடும், எப்போது தரிசாகக் கிடக்கும் என்பது கோயில்கள் வழியே முடிவாகும். 1970-களில் பசுமைப் புரட்சி வந்தபோது, புது ரக நெல்லை முடிந்தவரை அடிக்கடி நடுங்கள் என்றார்கள். கோயில் நாள்காட்டி தேவையற்ற சடங்காகத் தோன்றியது. உழவர்கள் அவரவர் வசதிப்படி நடத் தொடங்கினார்கள். பூச்சி பெருகியது, தண்ணீர்ச் சண்டையும் கூடவே வந்தது.

அங்கே பல ஆண்டுகள் களப்பணி செய்த மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரோடு சேர்ந்து 1993-இல் ஒரு மாதிரியை வெளியிட்டார். ஓஸ், பெதானு என்ற இரண்டு ஆறுகளுக்கு இடையில் உள்ள 172 சுபாக்குகள்தான் முகவர்கள். சிக்கல் இரண்டு பக்கமும் இழுப்பது. எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டு ஒரே நேரத்தில் தரிசு விட்டால் பூச்சிக்குப் புகலிடம் இல்லாமல் போகும். ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் தண்ணீர் வேண்டியிருக்கும், கடைமடைக்குப் போய்ச் சேராது. ஆளுக்கொரு நாளில் நட்டால் தண்ணீர் போதும். பூச்சி ஒரு வயல் அறுவடையானதும் அடுத்த வயலுக்குத் தாவிவிடும்.

அவர்கள் எழுதிய விதி எளிமையானது. முதலில் ஒவ்வொரு சுபாக்கும் ஏதோ ஒரு பயிர் முறையைக் கண்டபடி எடுத்துக்கொள்ளும். ஆண்டு முடிவில் பக்கத்து சுபாக்குகளைப் பார்க்கும். தன்னைவிட நன்றாக விளைந்தவர் இருந்தால், அடுத்த ஆண்டு அவருடைய முறையைப் பின்பற்றும். இவ்வளவுதான். சில ஆண்டுகள் ஓடியதும், ஒன்றாக நடும் சுபாக்குக் கூட்டங்கள் மாதிரிக்குள் உருவாயின, விளைச்சலும் ஏறியது. அந்தக் கூட்டங்களின் வரைபடம், நிஜ நீர்க் கோயில்களின் பிணைப்பைப் பெரிதும் ஒத்திருந்தது. மேலே இருந்து யாரும் திட்டமிடாமலேயே அப்படி ஓர் ஒழுங்கு அமைய முடியும் என்று அது காட்டியது. பின்னாளில், 2012-இல், சுபாக் நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இதில் நிரல் சின்ன விஷயம். தலைமடைக்காரருக்குத் தண்ணீர்க் கவலை குறைவு, ஆனால் பூச்சிக்குப் பயந்து அவரும் கடைமடையோடு ஒத்துப்போவார் என்ற புரிதல் வயல் வரப்பில் நடந்தவருக்குத்தான் கிடைக்கும். அது இல்லாமல் இந்த மாதிரியே இல்லை.

என் சொந்தக் கேள்வியை எப்படி மாதிரியாக்குவது?

முதலில் தாளில், தமிழில், முழு வாக்கியங்களாக விதிகளை எழுதுங்கள். நிரல்மொழியில் யோசிக்க ஆரம்பித்தால் மென்பொருளுக்கு எது சுலபமோ அதைத்தான் மக்கள் செய்வதாக எழுதிவிடுவோம்.

ஒன்றைச் செய்து பார்ப்போம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் விருந்து வைக்கிறது. வருபவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுகிறார்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது பழைய நடை, அதற்கு மேல் புதிதாகப் போடுவது புது நடை. விருந்து வைத்த குடும்பம் அந்தப் பணத்தில் கிணறு வெட்டலாம், கடை போடலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். கேள்வி இதுவாக இருக்கட்டும்: சிலர் திருப்பிச் செய்யாமல் போனால் இந்தப் பழக்கம் எதுவரை தாங்கும்?

முகவர்: குடும்பம். பண்புகள்: கையிருப்பு, மொய் நோட்டு, அதாவது யாருக்கு எவ்வளவு செய்தோம், யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்ற பட்டியல். காலத்தின் ஒரு படி: ஓர் ஆண்டு. விதிகளை எழுதலாம். ‘சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நான் விருந்து வைப்பேன்.’ ‘அழைப்பு வந்தால் முதலில் பழைய நடையைத் தீர்ப்பேன். கையில் மிச்சம் இருந்தால் புது நடை போடுவேன்.’ ‘கையில் இல்லாவிட்டால் கடன் வாங்கியாவது செய்வேன்.’ ‘எனக்குத் திருப்பிச் செய்யாதவருக்கு இனி செய்ய மாட்டேன்.’

எழுதிய உடனே துளைகள் தெரியும். திருப்பிச் செய்யாதவரைப் பற்றிய செய்தி ஊரில் எவ்வளவு தூரம் பரவும்? எனக்குச் செய்யாதவரை நான் மட்டும் விலக்குவேனா, என் பங்காளிகளும் விலக்குவார்களா? கடன் எந்த வட்டிக்குக் கிடைக்கும்? இந்தத் துளைகளே உங்கள் அடுத்த களப்பயணத்தின் கேள்விப் பட்டியல். மாதிரி கணினிக்குள் போவதற்கு முன்பே பாதிப் பயனைக் கொடுத்துவிடும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம், முதல் பதிப்பில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். வட்டி வேண்டாம், பங்காளி வேண்டாம், விலைவாசி வேண்டாம். மூன்று விதி போதும். அது ஓடி, அது ஏன் அப்படி ஓடுகிறது என்று உங்களுக்குப் புரிந்த பிறகு நான்காவது விதியைச் சேருங்கள்.

சரி, இப்போது மென்பொருள். எனக்கு நிரல் எழுதத் தெரியாது.

நெட்லோகோவில் தொடங்குங்கள். யூரி விலென்ஸ்கி 1999-இல் உருவாக்கியது, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இன்றும் வளர்ந்துகொண்டிருப்பது. இலவசம். கணினியில் நிறுவலாம், நிறுவாமல் உலாவியிலேயே ஓட்டும் வடிவமும் உண்டு. சிறுவர்களுக்காக 1967-இல் பிறந்த லோகோ மொழியின் வழிவந்தது என்பதால் முகவர்களுக்கு இதில் ஆமைகள் என்றே பெயர். ஆமைகள் நடக்கும் தரை சிறு சிறு சதுரங்களாகப் பிரிந்திருக்கும்.

இதோடு வரும் மாதிரி நூலகத்தில் ஷெல்லிங்கின் மாதிரி இருக்கிறது. அதைத் திறந்து, ‘எத்தனை விழுக்காடு என் வகை வேண்டும்’ என்ற நகர்த்தியை 30-இல் வைத்து ஓட்டுங்கள். முடிவில் பக்கத்து வீடுகளில் தன் வகை சராசரியாக 70 விழுக்காடு அளவுக்குப் போயிருக்கும். பிறகு அதே நகர்த்தியை 80-க்கு மேல் தள்ளுங்கள். யாருக்கும் திருப்தியே வராமல் எல்லாரும் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், பிரிவினை அமையாது. ஏன் என்று பத்து நிமிடம் யோசித்துவிட்டு, நிரலைப் படியுங்கள். மிகச் சிறியதுதான். அடுத்து அதில் ஒரே ஒரு வரியை மாற்றுங்கள். புதிதாக எழுதுவதைவிட, ஓடுகிற ஒன்றை உடைத்துச் சரிசெய்வதில்தான் வேகமாகக் கற்க முடியும்.

ஏற்கெனவே பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்தவர்கள் மேசா என்ற நிரல் நூலகத்துக்கு, அதாவது எழுதி வைத்த நிரல்களின் தொகுப்புக்குப் போகலாம். ஆற்றுப் படுகை, நகர வார்டு என நிஜ வரைபடத்தின் மேல் முகவர்களை நடமாட விட வேண்டும் என்றால் காமா என்ற இலவச மென்பொருள் அதற்கென்றே செய்தது போல் இருக்கும். மற்றவற்றைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.

கணக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

பள்ளிக் கணக்கும் நிகழ்தகவின் அடிப்படையும் போதும். பகடை உருட்டுவது என்றால் என்ன, சராசரிக்கும் பரவலுக்கும் என்ன வேறுபாடு என்று தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

ஒருமுறை ஓட்டினேன், எதிர்பார்த்த முடிவு வந்தது. எழுதத் தொடங்கலாமா?

வேண்டாம். பெரியவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்க அரசறிவியலாளர் ராபர்ட் ஆக்சல்ராட் 1986-இல் சமூக நெறிகள் எப்படி நிலைக்கின்றன என்று ஒரு மாதிரி செய்தார். நெறியை மீறுபவரைத் தண்டிப்பது மட்டும் போதாது, தண்டிக்காமல் சும்மா இருப்பவரையும் தண்டித்தால் நெறி நிலைக்கும் என்பது முடிவு. அவர் 5 முறை ஓட்டினார், ஒவ்வொன்றும் 100 தலைமுறை. அன்றைய கணினிகளுக்கு அது நியாயமான அளவுதான். 2005-இல் கலான், இஸ்கியெர்தோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே மாதிரியைப் புதிதாக எழுதி, மிக நீண்ட காலத்துக்கு, பல நூறு முறை ஓட்டினார்கள். நிலைத்ததாகத் தெரிந்த நெறி பெரும்பாலும் சரிந்துவிட்டது.

ஆகவே ஒரே அமைப்பைப் பலமுறை ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் தற்செயல் விதை எண்ணையும், அதாவது கணினி தன் பகடையை உருட்டத் தொடங்கும் எண்ணையும் குறித்து வையுங்கள். அதே எண்ணைக் கொடுத்தால் அதே ஓட்டத்தைத் திரும்ப வரவழைக்கலாம். உங்கள் ஊகங்களை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள். முடிவு அப்போதும் நிற்கிறதா? நெட்லோகோவில் இதைத் தானாகச் செய்ய ஒரு கருவி உள்ளேயே இருக்கிறது.

நான் செய்த ஒரு பிழையையும் சொல்கிறேன். முகவர்களை எப்போதும் ஒரே வரிசையில் செயல்பட விட்டேன். வரிசையில் முன்னால் நின்றவர்கள் எல்லாம் பணக்காரர்களானார்கள். சமத்துவமின்மை தானாக விளைகிறது என்று இரண்டு வாரம் மகிழ்ந்திருந்தேன். வரிசையைக் குலுக்கிப் போட்டதும் அது மறைந்துவிட்டது. விளிம்புகளையும் கவனியுங்கள்: நெட்லோகோவில் உலகத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் இயல்பாக ஒட்டியே இருக்கும். ஊருக்கு எல்லை உண்டு என்றால் அந்த ஒட்டுதலை நீங்கள்தான் அணைக்க வேண்டும்.

மாதிரி உண்மையோடு பொருந்தாவிட்டால் அது தோல்வியா?

அமெரிக்காவின் அரிசோனாவில் லாங் ஹவுஸ் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். அங்கே மக்காச்சோளம் பயிரிட்டு வாழ்ந்த மக்கள் 1300-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முழுவதுமாக வெளியேறிவிட்டார்கள். முன்பு அவர்களை அனசாசி என்றார்கள். புவெப்லோ மக்களின் முன்னோர் என்பதே இன்று மரியாதையான பெயர். தொல்லியலாளர்களும் மாதிரியாளர்களும் சேர்ந்து அந்தப் பள்ளத்தாக்கைக் கணினியில் கட்டினார்கள். மர வளையங்கள் போன்ற சான்றுகளில் இருந்து ஒவ்வோர் ஆண்டின் விளைச்சலையும் கணக்கிட்டு, குடும்பங்களை முகவர்களாக்கி, 800-ஆம் ஆண்டில் இருந்து ஓட்டினார்கள். மக்கள்தொகை ஏறி இறங்கிய விதம் நன்றாகவே ஒத்துப்போனது. கடைசி மட்டும் பொருந்தவில்லை. மாதிரியில் ஒரு சிறு கூட்டம் அங்கேயே தங்கிவிட்டது.

அந்தப் பொருந்தாமைதான் கண்டுபிடிப்பு. கொஞ்சம் பேராவது தங்கியிருக்கும் அளவுக்கு நிலம் சோறு போட்டிருக்கும், அப்படியும் எல்லாரும் போனார்கள் என்றால் வறட்சிக்கு அப்பால், சமூகத்துக்குள்ளேயே காரணம் தேட வேண்டும் என்று ஆகிறது.

எதிர்காலத்தைக் கணிக்குமா?

பெரும்பாலும் இல்லை. ‘அடுத்த தேர்தலில் யார்?’ என்று கேட்பவரிடம் இதை விற்காதீர்கள். இது நடந்தால் அதற்குப் பின் எவையெல்லாம் நடக்க வாய்ப்பு உண்டு என்று பார்க்கவே இது நல்ல கருவி.

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளையே முகவர்களாக வைத்துவிடலாமே?

2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அப்படி 25 பாத்திரங்களை ஒரு கற்பனை ஊரில் வாழவிட்டார்கள். ஒருவரிடம் காதலர் தின விருந்து வைக்கும் எண்ணத்தை மட்டும் ஊட்ட, அழைப்பு வாய்வழியாகப் பரவி மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். பார்க்க வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பாத்திரம் ஏன் அப்படி நடந்தது என்று கேட்டால் உங்களால் ஒரு விதியைக் காட்ட முடியாது. உங்கள் ஊரின் மொய் நோட்டுக்காரர் எப்படி யோசிப்பார் என்பதை, அவரைச் சந்தித்தே இராத ஒன்றிடம் கேட்பதாகவும் ஆகிவிடும்.

ஆய்வேட்டில் இதை எப்படி எழுதுவது? நெறியாளர் ஏற்பாரா?

மாதிரியை விவரிக்க ஓ.டி.டி. (ODD: Overview, Design concepts, Details) என்று ஒரு பொது ஒழுங்குமுறை இருக்கிறது. சூழலியலாளர் ஃபோல்கர் கிரிம்மும் பலரும் சேர்ந்து 2006-இல் வகுத்தது, 2010-இலும் 2020-இலும் திருத்தப்பட்டது. முதலில் நோக்கம், முகவர்கள், நடக்கும் வரிசை. அடுத்து வடிவமைப்புக் கருத்துகள். கடைசியில் இன்னொருவர் படித்துத் திரும்ப எழுதும் அளவுக்கு நுணுக்கங்கள். இந்த ஒழுங்கில் எழுதினால், மாதிரிகள் பழக்கமில்லாத நெறியாளரும் எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். நிரலைக் காட்டுவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து நாணயப் பலகையை ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். பலருடைய தயக்கம் அதில் கரைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

படிக்க, 1998-இல் நைஜல் கில்பர்ட் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் ஆர்ட்டிஃபிஷியல் சொசைட்டீஸ் அண்ட் சோஷியல் சிமுலேஷன்’ என்ற ஆய்விதழ் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. காம்செஸ் என்ற இணையக் கூட்டமைப்பின் நூலகத்தில் பிறர் எழுதிய மாதிரிகளை நிரலோடு எடுக்கலாம், உங்களுடையதையும் வைக்கலாம்.

எவ்வளவு நாள் ஆகும்?

நாணயப் பலகைக்கு ஒரு மாலை. நெட்லோகோவின் பாடங்களுக்கும் நூலக மாதிரிகளை உடைத்துப் பார்ப்பதற்கும், தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஒரு மாதம். உங்கள் சொந்த மூன்று விதிகள் ஓடத் தொடங்க இன்னொரு மாதம். அதற்குப் பின் எவ்வளவு காலம் என்பது, விதிகளில் இருக்கும் துளைகளைக் கேட்டு நிரப்ப எத்தனை முறை ஊருக்குப் போய்வர முடிகிறது என்பதைப் பொறுத்தது. முதல் பயணத்துக்குப் போகும்போது தாளில் எழுதிய விதிகளைக் கையில் எடுத்துப்போங்கள். அங்கே யாரிடமாவது வாசித்துக் காட்டி, ‘இப்படித்தான் செய்வீங்களா?’ என்று கேளுங்கள். அவர் திருத்தும் முதல் வரியில் இருந்து இரண்டாம் பதிப்பைத் தொடங்கலாம்.